காற்று, சூடு, மைலேஜ்: காரைக்குடி ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சித்திரை பிறந்துவிட்டால் வருகிறவர்களில் பாதிப்பேர் "வண்டி சூடாகுது, மைலேஜும் குறையுது, கூலிங்கைக் கூட்டி விடுங்கண்ணே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கூலிங்கைக் கூட்டினால் மைலேஜ் கூடும் என்று நம்பி நம்ம பக்கம் எத்தனை பேர் நல்ல வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொருவரிடமும் நின்று விளக்க நேரமில்லை, அதனால் அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்கு என்ஜினை எவ்வளவு குளுமையாக வைத்திருக்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. பணியாரக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் காயாமல் மாவை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும், அதிகம் காய்ந்தால் கருகும், பதமான சூட்டில்தான் பணியாரம் எழும்பி வரும். என்ஜினும் அப்படித்தான். கூலன்ட், அதாவது என்ஜினுக்குள் சுற்றிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் தண்ணீர், 90லிருந்து 100 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பெரும்பாலான கார் என்ஜின்கள் ஒழுங்காக எரித்து, குறைவாகக் குடிக்கும். அதற்குக் கீழே இருந்தால் பெட்ரோல் முழுசாக ஆவியாகாது, ஆயில் கெட்டியாக இருப்பதால் உள்ளே உரசல் அதிகம், என்ஜினைக் கவனிக்கிற கம்ப்யூட்டரும் "என்ஜின் இன்னும் சூடாகவில்லை" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகவே விடும். வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் என்ஜினுக்கு அது குளிர்தான், ஏனென்றால் அதற்கு வேண்டியது 90.

நீங்கள் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் ஏறத்தாழ 30 ரூபாய்தான் வண்டியை நகர்த்துகிற வேலையாக மாறும். மீதியில் ஏறக்குறைய பாதி சைலன்சர் வழியாகவும், பாதி ரேடியேட்டர் வழியாகவும் வெறும் சூடாகப் போய்விடும். இந்தச் சூட்டை வெளியே தள்ளுவதுதான் கூலிங்கின் வேலை, ஆனால் தேவைக்கு மேல் தள்ளினால் அதுவும் உங்கள் காசுதான்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழட்டிவிட்டால் வண்டி சூடாகவே ஆகாது என்று ஒரு மெக்கானிக் சொன்னார். கழட்டலாமா?

கழட்டாதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த சின்ன வால்வு. கூலன்ட் சூடாகிற வரை மூடியே இருக்கும், தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் 82லிருந்து 90 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் மெழுகு உருகி விரிந்து, கம்பியைத் தள்ளி, ரேடியேட்டருக்கு வழி விடும். அதைக் கழட்டிவிட்டால் ஸ்டார்ட் பண்ணிய நிமிஷத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டரைச் சுற்ற ஆரம்பித்துவிடும், என்ஜின் பதமான சூட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆகும், ஹைவேயில் காற்று அடிக்கும்போது சில வண்டிகள் அந்தச் சூட்டுக்கு வரவே வராது.

தொழில் தொடங்கிய காலத்தில் நானும் கழட்டியிருக்கிறேன், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஐயா சின்ன பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டு வருவார், அதில் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு திறக்காமல் ஹீட் ஆனது, கழட்டி அனுப்பினேன். ஹீட் நின்றது, அவருக்கும் சந்தோஷம். அடுத்த ரெண்டு வருஷமும் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் "முன்ன மாதிரி மைலேஜ் இல்லையேப்பா" என்பார், நான் ப்ளக்கை மாற்றுவேன், ஃபில்டரை மாற்றுவேன். அப்புறம் ஸ்கேனர் வாங்கி முதல் முறை அந்த வண்டியில் மாட்டி, திருமயம் வரை ஓட்டிக்கொண்டு போனால் கூலன்ட் சூடு 70ஐத் தாண்டவே இல்லை. ப்ளக்கைக் கழட்டிப் பார்த்தால் கரிப் பூச்சாகக் கறுப்பு, ஆயில் குச்சியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை. அவர் காசை ரெண்டு வருஷம் வீணாக்கியது என் கை. அன்றைக்கே புது தெர்மோஸ்டாட் போட்டேன், கூலி வாங்கவில்லை. அதற்கப்புறம் எந்த வண்டியிலும் கழட்டியதில்லை.

வால்வு கெட்டுப்போனால் புதுசு போடுங்கள், பெரும்பாலான வண்டிகளுக்குப் பெரிய செலவு இல்லை. அந்த வண்டிக்குக் கம்பெனி சொன்ன டிகிரியே போடுங்கள். "குளுமை வால்வு" என்று குறைந்த டிகிரி ஒன்றை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்ஜின் சரியான சூட்டில் ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முள் நடுவில்தான் நிற்கிறது.

முள்ளை முழுசாக நம்பாதீர்கள். இப்போதைய வண்டிகளில் 75க்கு மேல் 105 வரைக்கும் கூட முள் நடுவிலேயே நிற்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள், முள் கொஞ்சம் ஆடினாலும் மக்கள் பயந்து வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்பதால். முள்ளே இல்லாமல் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் வரும் வண்டிகளில் நீலம் அணைந்தது என்றால் கொஞ்சம் சூடாகிவிட்டது என்று அர்த்தம், பதத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கிப் போனில் பாருங்கள், சரியான எண் தெரியும். கால் மணி நேரம் ஓட்டியும் 75க்குக் கீழேயே இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சூட்டைக் கண்டுபிடிக்கிற சென்சார் பொய் சொல்லலாம். ரெண்டில் எதுவானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும்.

கேள்வி: அப்படியானால் ஓவர் ஹீட் ஆனால் மைலேஜ் கூடுமா?

கூடாது. பதம் தாண்டினால் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடிக்கப் பார்க்கும், நாம் நாக்கிங் என்கிறோமே அதுதான். அதைத் தடுக்கக் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதமாக்கும், வண்டி இழுக்காது, நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். அதற்கும் மேலே போனால் என்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும், மைலேஜைப் பற்றிப் பேச அப்போது ஒன்றுமிருக்காது.

கேள்வி: ரேடியேட்டர் புதுசு, ஃபேனும் ஓடுகிறது, முன்பக்கம் நல்லாத் திறந்துதான் இருக்கிறது. ஆனாலும் ஹைவேயில் சூடு ஏறுகிறதே?

முன்பக்கம் திறந்திருப்பது பாதி வேலைதான். நம்ம வளவு வீடுகளைப் பாருங்கள். முன்வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு நேராகத் தெரியும், ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், நடுவில் முற்றம் வழியாகச் சூடு மேலே ஏறிவிடும். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருப்பது அதனால்தான். பின்கட்டுக் கதவைச் சாத்திவிட்டு முன்வாசலை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காற்று உள்ளே வராது. காரும் அதே கதை. ரேடியேட்டர் வழியாக நுழைந்த காற்று என்ஜினுக்குக் கீழே, பின்பக்கமாக வெளியேறினால்தான் அடுத்த காற்று உள்ளே வரும்.

இதில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ரெண்டு. ஒன்று, என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு. வேகத்தடையில் உரசி உடைந்ததும் "சும்மா தொங்குது" என்று பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது சும்மா இல்லை, கீழே காற்று வழுக்கிக்கொண்டு போகவும், ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் சேராமல் இருக்கவும்தான் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பம்பர் இடித்து டிங்கரிங் பண்ணும்போது ரேடியேட்டர் ஓரத்தில் இருக்கும் ஸ்பாஞ்ச் பட்டைகளையும் பக்கத் தகடுகளையும் திரும்ப மாட்டாமல் விட்டுவிடுவது. காற்று சோம்பேறி, சந்து கிடைத்தால் ரேடியேட்டருக்குள் நுழையாமல் ஓரமாகப் போய்விடும். பெயின்ட் மினுமினுக்கும், என்ஜின் மூச்சுத் திணறும். டிங்கரிங் முடிந்து வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து அந்தப் பட்டைகள் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஏசி போட்டால் வண்டி இழுக்கவில்லை, மைலேஜும் விழுகிறது. கேஸ் ஃபில் பண்ண வேண்டுமா?

முதலில் அழுக்கைப் பாருங்கள். முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ரேடியேட்டர் இல்லை, ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது, ரெண்டுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி, சாயங்காலம் லைட்டுக்கு வந்து அடிபடும் ஈசல், அறுவடை நேரத்தில் ரோட்டில் காயப்போடும் வைக்கோலின் தூசு, எல்லாம் கண்டென்சரைத் தாண்டி அந்த இடைவெளியில்தான் போய்த் தங்கும். போன மாசம் ஒரு வண்டியில் ரெண்டையும் பிரித்தபோது ரேடியேட்டர் முகத்தில் பாதிக்கு மேல் கம்பளி மாதிரி ஒரு படலம் செங்காவி நிறத்தில் ஒட்டியிருந்தது, விரலால் சுருட்டினால் பாய் மாதிரி சுருண்டு வந்தது, அதற்குள் பூச்சி இறக்கையும் தைல மரச் சருகும். வெளியே நின்று பார்த்தால் வண்டி பளிச்சென்றுதான் இருந்தது.

கண்டென்சரில் காற்றுப் போகாவிட்டால் ஏசிக் குழாயில் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸரைச் சுற்ற என்ஜின் அதிகம் உழைக்கும், ஃபேனும் ஓயாமல் ஓடும். சுத்தம் பண்ணும்போது பிரஷர் வாட்டரை முன்னால் கிட்ட வைத்து அடிக்காதீர்கள், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி இருக்கிற வழியும் அடைந்துவிடும். என்ஜின் ஆறியபிறகு, பின்பக்கமிருந்து முன்பக்கமாக, சாதாரண ஹோஸில் மெதுவாக. வருஷத்துக்கு ஒரு தடவை, வெயிலுக்கு முன்னால் செய்தால் போதும்.

கேள்வி: திருச்சிக்கு 100ல் போனால் என்ன, 80ல் போனால் என்ன? டாப் கியர்தானே?

கியர் ஒன்றுதான், காற்று ஒன்றில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80லிருந்து 100க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, தடையோ பாதிக்கு மேல், சரியாகச் சொன்னால் 56 சதவீதம் கூடும். சின்ன ஹாட்ச்பேக் ஒன்றுக்குக் காற்றைத் தள்ள மட்டும் 80ல் ஏறத்தாழ 6 குதிரைத்திறன் போதும், 100ல் 11, 12 ஆகிவிடும், 120ல் 20. இங்கிருந்து திருச்சி 90 கிலோமீட்டர் சுமார். ரோடு முழுக்கக் காலியாக இருந்தாலும் 100ல் போய் நீங்கள் மிச்சம் பிடிப்பது கால் மணி நேரம் கூட இல்லை.

வெயிலில் ஒரு சின்ன நன்மை உண்டு. சூடான காற்று லேசானது, 25 டிகிரியைவிட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி 5 சதவீதம் போலக் குறைவு, தடையும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் ஏசி அதைச் சாப்பிட்டுவிடும்.

கேள்வி: கல்யாணத்துக்குச் சாமான் ஏற்ற கேரியர் போட்டோம். அப்படியே விட்டுவிடலாமா?

சாமானை இறக்கியதும் கேரியரையும் இறக்குங்கள். மேலே பெட்டி கட்டிய வண்டி ஹைவே ஓட்டத்தில் 6லிருந்து 17 சதவீதம் வரை மைலேஜ் இழக்கும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் கணக்கு சொல்கிறது, அதைவிட வேகமாகப் போனால் இன்னும் மோசம். வெறும் கேரியர் அவ்வளவு இழுக்காது, ஆனால் வருஷம் முழுக்கச் சும்மா இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சீர்சாமானுக்காக ஒரு நாள் தேவைப்பட்டதை ஆறு மாசம் தலையில் சுமக்க வேண்டாம். பாத்திரம், அண்டா எல்லாம் முடிந்தவரை டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்குங்கள்.

கேள்வி: ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் மிச்சமா?

ஊருக்குள், செக்காலை ரோட்டில் ஊர்ந்து போகும்போது மிச்சம்தான். 70, 80ஐத் தாண்டினால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், நாலு கண்ணாடியும் திறந்து கிடந்தால் காற்று உள்ளே புகுந்து பாராசூட் மாதிரி இழுக்கும். வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஏசியை முழுசாகத் திருகாமல், முதல் ஒரு கிலோமீட்டர் கண்ணாடியை இறக்கி உள்ளே இருக்கும் அனலை வெளியேற்றிவிட்டு அப்புறம் போடுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் ஃபேனை டைரக்ட் பண்ணி விடச் சொல்கிறார்கள், சாவி போட்டதும் ஓடும். செய்யலாமா?

நடுவழியில் சென்சார் போய்விட்டால் வீடு வந்து சேர அப்படிச் செய்யலாம். நிரந்தரமாக வேண்டாம். சின்ன கார் ஃபேன் 15, 20 ஆம்பியர் இழுக்கும், கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் அரைக் குதிரைத்திறன் என்ஜினிலிருந்து போகிறது. 80ல் காற்றைத் தள்ளவே 6தான் என்று மேலே சொன்னேன், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏசி இல்லாமல் 50, 60க்கு மேல் ஓடும்போது எதிர்க்காற்றே போதும், அப்போது ஃபேன் சுற்றுவது வெட்டிச் செலவு.

பொலேரோ மாதிரி என்ஜின் நீளவாக்கில் இருக்கும் டீசல் வண்டிக்காரர்கள் வேறொன்றைக் கவனியுங்கள். அவற்றில் பலவற்றில் ஃபேன் என்ஜினோடு சுற்றும், நடுவில் சிலிக்கோன் ஆயில் உள்ள ஒரு கப்ளிங் தேவைக்கேற்ப விடும், பிடிக்கும். அது இறுகிப்போனால் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது லாரி மாதிரி ஊளைச் சத்தம் காலையில் குளிர்ந்த என்ஜினிலும் ஓயாமல் கேட்டால் கப்ளிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: சம்பை ஊற்றுத் தண்ணீர் அவ்வளவு சுத்தம், அதையே ரேடியேட்டருக்கு ஊற்றலாமே?

குடிக்க அதற்கு ஈடு இல்லை, வெளியூர்க்காரர்களுக்கு நான்தான் பெருமையாகச் சொல்வேன். ஆனால் ரேடியேட்டருக்கு வேண்டாம். ஊற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ அதில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்திருக்கும், சூட்டில் அது குழாய்க்குள் படிந்து சூடு வெளியேற விடாமல் போர்வை போர்த்திவிடும். என்ஜினுக்குள் இரும்பு, அலுமினியம் எல்லாம் கலந்து இருப்பதால், உப்புத் தண்ணீர் நடுவில் வந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். நம்ம ஊர் சிக்ரியில், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948ல் நேரு அடிக்கல் நாட்டிய அதே மின்வேதியியல் ஆய்வகத்தில், ஆராய்கிற விஷயங்களில் இந்த உலோக அரிப்பும் ஒன்று. டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வரும் கூலன்ட், அவ்வளவுதான். மூடியையும் மறக்காதீர்கள், அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100ல் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள், அப்படித் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வெளிநாட்டில் கிரில்லை அடைத்து மைலேஜ் கூட்டுகிறார்களாமே?

உண்மைதான். காற்று ரேடியேட்டர் வழியாக நுழைந்து முட்டி மோதிப் போவதும் ஒரு தடை, வண்டியின் மொத்தக் காற்றுத் தடையில் 5லிருந்து 10 சதவீதம் வரை இருக்கலாம். அதனால்தான் சில புது வண்டிகளில் தானாகத் திறந்து மூடும் இறக்கைகள் கிரில்லுக்குப் பின்னால் வருகின்றன, தேவையில்லாதபோது மூடிக்கொள்ளும். அட்டையை வெட்டிச் சொருகும் வேலை பனி விழும் ஊருக்குச் சரி. இங்கே ஏசியும் போட்டுக்கொண்டு, ரயில்வே கேட்டில் நிற்கும்போது யார் அந்த அட்டையை எடுப்பது? செய்யாதீர்கள். அதேபோல ஆயுத பூஜைக்குக் கிரில்லில் கட்டும் மாலை, கல்யாண வண்டியின் பூ அலங்காரம், இவற்றைக் காரியம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இரும்பு பம்பர் கார்டை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது, காற்றுக்கும் அது குறுக்கேதான் நிற்கிறது.

கேள்வி: ஏர் ஃபில்டர் அழுக்கானால் மைலேஜ் விழும்தானே?

கம்ப்யூட்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டியில் விழும். இப்போதைய பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடுவதால் மைலேஜ் பெரிதாக மாறாது, இழுவைதான் குறையும். புழுதி உள்ளே போகக்கூடாது என்பதற்காக மாற்றுங்கள். திறந்த கூம்பு ஃபில்டர் போடுகிற பையன்களுக்கு ஒரு வார்த்தை: அது பானெட்டுக்குள் இருக்கும் புழுதியைத்தான் உறிஞ்சும்.

கேள்வி: தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி போகும் நடைபயணத்துக்குப் பின்னால் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறேன். மைலேஜ் படுமோசம், ஹீட்டும் ஆகிறது. என்ன செய்யலாம்?

நடக்கிற வேகத்தில் எதிர்க்காற்றே கிடையாது, ஃபேன் ஒன்றுதான் எல்லா வேலையும் செய்கிறது, பெட்ரோலோ நின்ற இடத்திலேயே எரிகிறது. கூடவே ஊர்வதை விட்டுவிடுங்கள். அடியார்களை முன்னால் விட்டுவிட்டு, அடுத்த தங்கல் வரை சாதாரண வேகத்தில் போய், என்ஜினை அணைத்துவிட்டு நிழலில் காத்திருங்கள். யாருக்காவது முடியவில்லை என்றால் போன் வந்ததும் திரும்பி வரலாம். புறப்படும் முன் கூலன்ட் அளவு, ஃபேன் ஓடுகிறதா, கண்டென்சர் இடைவெளியில் அழுக்கு, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் மார்கழிக் கடைசியில் வண்டியைக் கொண்டு வாருங்கள், சாப்பாட்டு வண்டிகளுக்கு நான் பார்த்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை.